செவ்வாய்க்கிழமை மனுஷன்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, என் கடையில், பீரோவைப் பாதி விலைக்குக் கேட்ட ஒருவரிடம் நான் "சரிங்க" என்று சொல்லிவிட்டேன்.

இதில் என்ன அதிர்ச்சி என்று கேட்பவர்கள் என்னோடு பேரம் பேசியதில்லை. பழைய மரச்சாமான், இரும்புச் சாமான் வாங்கி விற்கிற தொழிலில் எனக்கு இருபத்திரண்டு வருஷம். பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் துப்பிவிட்டது. மிச்சத்தைத் தெருதான் அடித்துச் சொல்லிக்கொடுத்தது. பல் பிடுங்கப் போனால்கூட, "சேர்த்து ரெண்டாப் பிடுங்கினா எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். அப்பேர்ப்பட்ட வாயிலிருந்து, கேட்ட விலைக்கே "சரிங்க"!

வந்தவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். அவரும் ஆடிப்போனார்.

"என்ன சார், உடனே சரின்னுட்டீங்க?"

"உங்க மனசு நோகக்கூடாதும்மா."

"உள்ளே கரையான் இருக்கா?"

"இரும்பு பீரோம்மா."

"அப்போ திருட்டுச் சாமானா?"

"ஐயோ, என்னை மன்னிச்சிடுங்கம்மா!"

எதற்கு மன்னிப்பு? எனக்கே தெரியவில்லை. கண் வேறு கலங்கிவிட்டது. டீச்சர் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டார். பாதி விலையும் போச்சு.

உங்களிடம் சொல்வதற்கென்ன, சனிக்கிழமை, கடைக்குச் சாமான் ஏற்றி வரும் லாரிக்காரர் வீட்டு மாடியில் கொஞ்சம் குடித்தேன். 'கொஞ்சம்' என்பதில் மட்டும் பேரம் வேண்டாம். மனைவியிடம் வியாபாரிகள் சங்கக் கூட்டம் என்று சொல்லியிருந்தேன். ஞாயிறு தலைவலி. தலைவலியை நான் அடக்கிவிடுவேன். திங்களன்று தொடங்கியதே, அதைத்தான் அடக்க முடியவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. போன் அடித்தால் யாரோ செத்துவிட்டார்கள். அடிக்காவிட்டால் எல்லோருமே செத்துவிட்டார்கள். நான் ஏதோ பெரிய பாவம் செய்திருக்கிறேன், ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது என்று ஒரு நடுக்கம். குடித்த ஒவ்வொரு முறையும் இதே கதைதான். இதயம் நிற்கப் போகிறது என்று நாலு வருஷமாக முடிவே கட்டிவிட்டேன். யாரிடமும் சொன்னதில்லை. கோபக்காரன் பயந்தால் கடை நடக்குமா?

லாரிக்காரருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, சனிக்கிழமை நான் ஏதாவது தப்புத்தண்டா பண்ணினேனா?"

"ஒண்ணும் இல்லையேப்பா. சாப்பிட்ட, சிரிச்ச, தூங்கின."

"யாரையாவது திட்டினேனா?"

"என்னைத்தான். அது தினமும் நடக்குறதுதானே?"

"எதையாவது உடைச்சேனா?"

"ஒரு நாற்காலி உடைஞ்சுது. ஆனா அது உன் கடையில வாங்கினது. தானாவே உடைஞ்சுது."

நிம்மதி வரவில்லை. மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். என் மனைவி வீட்டுப் பின்கட்டில் தையல் வேலை செய்கிறாள். கடையின் முன் அறையைத் தனக்குத் தரச் சொல்லி மூன்று வருஷமாகக் கேட்கிறாள். தெருவைப் பார்த்த அறை. கடைக்கு அதுதான் முகம். முகத்தை அறுத்துக் கொடுப்பானா ஒருவன்? கேட்கும்போதெல்லாம் கர்ஜித்திருக்கிறேன்.

"ஏங்க."

துள்ளி விழுந்தேன். "என்ன ஆச்சு? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை. முன் அறையை நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோம்மா."

"முழுசாவா?"

"முழுசா எடுத்துக்கோ. நான் இல்லாத காலத்துல உனக்கு ஒரு வழி வேணுமில்ல?"

"நீங்க எங்கே போறீங்க?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

புதன்கிழமை காலை நான் நானாகவே விழித்தேன். காப்பியில் குற்றம் கண்டுபிடித்தேன். பக்கத்து வீட்டு நாயோடு சண்டை போட்டேன். ஆகா, பிழைத்துக்கொண்டேன்! அப்போதுதான் முன் அறை நினைவுக்கு வந்தது. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

என் பீரோக்கள் எல்லாம் பின்னால் சுவரைப் பார்த்து நின்றன, தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி. முன் அறையில் இரண்டு தையல் மெஷின். நடுவே கழுத்தில் டேப்போடு என் மனைவி.

"யாரைக் கேட்டுடி இதெல்லாம்?"

"உங்களைத்தான். நேத்து."

"நேத்து எனக்கு உடம்பு சரியில்லை. அந்தப் பேச்சு செல்லாது!"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க. சனிக்கிழமை ஊத்தினது."

"சனிக்கிழமை சங்கக் கூட்டம்..."

"லாரிக்காரர் மாடியில. ஞாயிறு தலைவலி, திங்கள் அழுகை, செவ்வாய் பயம், புதன் திரும்ப நீங்க. மருந்துக்கடை அக்காகிட்ட எப்பவோ கேட்டுட்டேன். போதை மூளையை அமுக்கி வைக்குமாம். அது இறங்கினதும் மூளை பதறிப்போய் எகிறுமாம். ரெண்டு மூணு நாள்ல தானா அடங்கிடுமாம்."

விற்பனைக்கு வைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். நல்லவேளை, அது தாங்கியது.

"எத்தனை நாளா உனக்குத் தெரியும்?"

"நாலு வருஷமா."

பழைய விஷயங்கள் ஒவ்வொன்றாக எனக்கு உறைக்க ஆரம்பித்தன.

"அப்போ, வாஷிங் மெஷின் வாங்கச் சம்மதிச்சது?"

"செவ்வாய்."

"உன் தம்பி வந்து மூணு மாசம் தங்கினது?"

"செவ்வாய்."

"மாடிக்கு ஜன்னல் வச்சது?"

"அது மட்டும் திங்கள். அன்னைக்கே அழுதுட்டீங்க, வேலை சீக்கிரம் முடிஞ்சிடுச்சு. முன் அறை பெரிய சாமான். அதுக்கு ஏத்த பயம் வரட்டும்னு காத்திருந்தேன்."

"அடிப்பாவி! மாசாமாசம் நான் சாகப்போறேன்னு நடுங்கிக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவள் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"குடிக்காதீங்கன்னு மாசாமாசம் சொன்னேன். அது வார்த்தை இல்லையா? நீங்க நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு மூலையில உட்கார்ந்திருக்கிறதைப் பார்க்க எனக்கு மட்டும் நல்லாவா இருந்துச்சு?"

பதில் வராதபோது நான் பேரத்தில் இறங்கிவிடுவேன்.

"சரி. இனிமே தொடமாட்டேன். அறையைக் காலி பண்ணு."

"அதெல்லாம் முடியாது. முழு அறையும் எனக்கு."

"கால் அறை தர்றேன்."

"முழுசு."

"மூலையில ஒரு மெஷின் போட்டுக்கோ."

"முழுசுன்னா முழுசு."

என் ஆயுதங்களை எல்லாம் எடுத்தேன். ஏளனமாகச் சிரித்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். கடைசியாக, வேண்டாம் என்று கையை உதறிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தேன். பத்து அடிக்குள் கூப்பிடாதவர் கிடையாது. இவள் ஏழாவது அடியிலேயே கூப்பிட்டாள்.

"சரி, வாங்க. பாதி அறை. ஆனா ஒரு சொட்டு தொடக்கூடாது. லாரிக்காரர்கிட்ட இப்பவே, என் முன்னாடி சொல்லணும்."

சொன்னேன். "அண்ணே, இனிமே எனக்கு ஊத்தாதீங்க, கூப்பிடவும் கூப்பிடாதீங்க." போனின் அந்தப் பக்கம் லாரிக்காரர் யாரோ செத்த மாதிரி விசாரித்தார். எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. முழு அறையைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன்! அதுவும் இவளிடம்! உடம்பில் ரத்தம் மறுபடி ஓடியது. மீசையைத் தடவிக்கொண்டே சாக்பீஸைத் தேடினேன்.

"நடுவுல கோடு போட்டுடட்டுமா? அப்புறம் ஒரு விரல் இந்தப் பக்கம் வரக்கூடாது, சொல்லிட்டேன்."

"கோடு வேண்டாங்க," என்றாள். மெஷினுக்கு அடியிலிருந்து மடித்து வைத்த ஒரு நீளத் திரையை எடுத்தாள். ஸ்டூலில் ஏறினாள். அறையின் சரியாக நடு உத்தரத்தில், வரிசையாக அடித்திருந்த கொக்கிகளில் அதை மாட்டினாள். தரைக்கு ஒரு அங்குலம் மேலே, அளவெடுத்த மாதிரி வந்து நின்றது.

"இதைப் போன மாசமே தைச்சு வச்சுட்டேன்."