ஒன்பது புளியமரங்கள் பற்றிய மனு

கள்ளக்குறிச்சி,
26-9-87, சனிக்கிழமை.

மதிப்பிற்குரிய இளஞ்செழியன் மாமாவுக்கு,

பூமாலை பணிவோடு எழுதுவது. இங்கு அம்மாவும் நானும் வீட்டில் நலம். அப்பா போலீஸ் ஸ்டேஷனில் நலம். மெட்ராசில் நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மறியல் வாரத்தில் பஸ்ஸும் தபாலும் ஓடாததால் முன்பே எழுத முடியவில்லை.

அப்பா உள்ளே இருப்பதற்குக் காரணம் நான்தான். வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர்களின் மோட்டார் சங்கத்துக்கு அப்பா செயலாளர் என்பது உங்களுக்குத் தெரியும். டீசல் விலை ஏறினாலும், சாலை வரி கூடினாலும், மலைப்பாதையில் பள்ளம் விழுந்தாலும் சங்கம் உறுப்பினர்களுக்காக மனு போடும். மனுவைச் சொல்லுகிறவர் தலைவர் நாராயணசாமி பெரியப்பா, எழுதுகிறவள் நான். அப்பாவுக்குத் தம் பெயரை மட்டும்தான் எழுதத் தெரியும். இரண்டு வருடத்தில் இருபத்திரண்டு மனு எழுதிவிட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. "கேக்கறது நம்ம கடம, நீ எழுதும்மா" என்பார் பெரியப்பா.

ஜூன் மாதம் எழுதியதுதான் இருபத்திரண்டாவது. கச்சிராயபாளையம் ரோட்டில் வளைவுகளை ஒட்டிப் புளியமரங்கள் நிற்கின்றன. பஸ்ஸுக்கு வழிவிட ஒதுங்கினால் மரம் ஜீப்பின் பக்கக் கண்ணாடியைப் பறித்துக்கொள்ளும், ஒரு முறை படியில் தொற்றி வந்தவரின் தோளையும் கிழித்துவிட்டது. மாதம் ஒரு கண்ணாடி யாரால் வாங்க முடியும்? "எந்த மரம்னு நம்பரோட எழுதினாதான் மதிப்பாங்க" என்றார் பெரியப்பா. நான் சைக்கிளில் போய், மரங்களில் பெயிண்டால் போட்டிருந்த எண்களைக் குறித்து வந்தேன். ஒன்பது மரங்கள். பூகோள டீச்சர் கற்றுக்கொடுத்தபடி வரைபடமும் போட்டு, பாலங்களைச் சிவப்பு மையில் காட்டி, மேலே 'உடனடியாக வெட்டப்பட வேண்டிய மரங்கள்' என்று தலைப்பிட்டேன். நகல் ஒன்றைச் சங்கத்துக் கோப்பில் பத்திரமாக வைத்தேன். அந்தப் பத்திரம்தான் வினையாகிவிட்டது.

இந்த மாதம் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்ததே, அப்போது பஸ்களை மறிக்க ரோடு முழுக்க மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். எங்கெங்கோ சாவு என்று கேள்விப்படுகிறோம். அடுத்த தெரு ராணியம்மாள், தம் மகனைத் தேடிக்கொண்டு கடலூருக்கு நடந்தே போனவர் இன்னும் திரும்பவில்லை. மரத்தை வெட்டியவர்கள் யார் என்று விசாரிக்க வியாழக்கிழமை போலீஸ் வந்தார்கள், சங்கத்துக் கொட்டகையைச் சோதித்தார்கள், கோப்பைத் திறந்தார்கள். நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

"நம்பர் போட்டு, மேப் போட்டு, பாலத்த செவப்புல காட்டி! இன்னாய்யா, மூணு மாசமா பிளான் போட்டுக்கினு இருந்தீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சார், அது மனுங்க. கவர்மெண்டுக்கே அனுப்பினதுங்க" என்றார் அப்பா.

"ஓகோ, கவர்மெண்டுக்கே சொல்லிட்டுதான் வெட்டினியா? யார்யா எழுதினது இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "நான்தாங்க" என்று சொல்லிவிட்டார். எழுதிக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. அவரையும் பெரியப்பாவையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றால் அம்மா விடமாட்டேன் என்கிறாள். "வூட்ல ஒரு ஆளு உள்ள போனது பத்தாதா? குந்துடி பேசாம" என்கிறாள்.

ஆனால் நேற்று நான் ஒன்று கண்டுபிடித்தேன் மாமா. சைக்கிளில் போய்ப் பார்த்தேன். நம் பட்டியலில் ஏழு மரங்கள்தான் விழுந்திருக்கின்றன. 41-உம் 58-உம் அப்படியே நிற்கின்றன! 41-க்குப் பக்கத்தில் 'மிக மிக அவசரம்' என்று நானே எழுதியிருந்தேன். சங்கத்தார் வெட்டியிருந்தால் அதையா விட்டுவைப்பார்கள்? இதை இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டு, "புதன்கெழம வந்து பாக்கறன். ரெண்டும் நின்னுக்கினு இருந்தா உங்கப்பாவ வுட்டுடறன். இல்லன்னா கடலூர் ஜெயிலுதான்" என்றார். அதனால் நீங்கள் செவ்வாய்க்கிழமைக்குள் உங்கள் ஆபீஸ் வக்கீல் ஐயாவையும், மரங்களைப் படமெடுக்க ஆபீஸ் கேமராவையும் அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். (கேமராவை எடுத்துக்கொண்டு என்று எழுதியிருக்க வேண்டும். அவசரம்.)

அத்தைக்கு என் வணக்கம், பாப்பாவுக்கு முத்தம். உங்கள் ஆசியில் எனக்கு வர வேண்டிய பங்கையும் இந்த முறை அப்பாவுக்கே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
ரா. பூமாலை, ஒன்பதாம் வகுப்பு

பி.கு.: திங்கள் காலை. சனிக்கிழமை தபால் கட்டு போன பிறகுதான் போய்ச் சேர்ந்தேன், நேற்று விடுமுறை, அதனால் கடிதம் என்னிடமே இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் மரங்களைப் பார்த்துவரப் போனேன். 41 தரையில் கிடந்தது. ரோடு வேலை செய்யும் அம்மாசி என்பவர் 58-ஐ வெட்டி முடிக்கும் சமயம். யார் வெட்டச் சொன்னது என்று கத்தினேன். "மேஸ்திரிதான். வுழுந்த மரத்த எடுக்கறப்பவே இந்த ரெண்டையும் எடுத்துடு, மோட்டார் சங்கத்துக்காரங்க மனு போட்டுட்டு காத்துக்கினு இருக்காங்கன்னாரு. நல்லதுதானே பாப்பா, இன்னாத்துக்கு அழுவுற?" என்றார். ஸ்டேஷனுக்கு வந்து இதைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "இந்த நேரத்துலயா? கோடாலியத் தூக்கிக்கினு ஸ்டேஷனுக்கா?" என்று கேட்டவர், கரும்புக்குள் இறங்கிப் போய்விட்டார். மேஸ்திரி ஊரில் இல்லையாம். ஸ்டேஷனில் போய்ச் சொன்னபோது பெரியப்பா, "நம்ம மனு பாஸாயிடுச்சா!" என்று கை தட்டினார். பிறகு தட்டுவதை நிறுத்தினார். அப்பா மட்டும், "ரெண்டுமேவாம்மா?" என்று கேட்டார்.

கேமரா வேண்டாம் மாமா. நேரே கடலூருக்கு வந்துவிடுங்கள்.