ஏரிக்குப் போன ஸ்டெப் கட்டிங்

தலையை வைத்துப் பிழைத்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். தலைமுடிக்காகவே பிழைத்தவன் நானறிந்து ஒருத்தன்தான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஆட்டோ ஓட்டும் ஸ்டெப்பு.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். என் ஜெராக்ஸ் கடையில் அவன் ஆதார் கார்டை எத்தனையோ தடவை நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அப்போதும் போட்டோவில் இருக்கும் முடியைத்தான் பார்த்தேனே தவிர பெயரைப் பார்த்ததில்லை. அப்படி ஒரு முடி. காதை மூடி, கழுத்தில் இறங்கி, ஸ்டெப் கட்டிங் என்று அடுக்கடுக்காக நிற்கும். ஊர்ப் பையன்களெல்லாம் காதோரம் வழித்துவிட்டு உச்சியில் கொண்டை வளர்த்துத் திரியும் இந்தக் காலத்தில், இவன் மட்டும் என் சித்தப்பா கல்யாண ஆல்பத்திலிருந்து எழுந்து வந்தவன் மாதிரி இருப்பான்.

"ஏண்டா, ஒழுங்கா ஒரு கம்பெனி வேலைக்குப் போலாமில்ல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தொப்பி போடச் சொல்றாங்கக்கா."

"பைக்ல டெலிவரி பண்ணு."

"ஹெல்மெட்டுக்கா!" என்றான், விஷம் குடிக்கச் சொன்னதுபோல.

ஆட்டோ அவனுக்கு வாய்த்தது இப்படித்தான். அதிலும் காற்று அடித்தால் முடி கலையுமே? அதனால் வண்டியை மாட்டுவண்டி வேகத்துக்கு மேல் விடமாட்டான். பின்னால் வரும் வண்டியைப் பார்க்க வைத்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவான். "எப்பா, பஸ்ஸப் புடிக்கணும்பா, சாமி ஊர்கோலம் மாதிரி போய்க்கினு கீறியே!" என்று உள்ளே இருப்பவர்கள் அலறுவார்கள். ஐயா காதில் விழாது. காதைத்தான் முடி மூடியிருக்கிறதே.

தினம் காலையில் என் கடைக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் வந்து நிற்பான். பின்பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுப்பான். தண்ணீர் தெளித்து, வாரி, தட்டி, மறுபடி வாரி, கடைசியில் உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா, கலஞ்சி கீதா?" என்பான்.

"கலையலடா, போடா! கதவெல்லாம் தண்ணி!"

துணியை எடுத்துத் துடைத்துத் துடைத்து எனக்குத் தோள்பட்டை வலியே வந்துவிட்டது. அவன் மட்டும் மறுநாளும் வந்துவிடுவான்.

இதெல்லாம்கூட ஊர் பொறுத்துக்கொண்டது. பெருமாள் கோயிலில் அவன் செய்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. சனிக்கிழமை தவறாமல் போவான். தீர்த்தம் வாங்குவான், துளசி வாங்குவான். பெருமாளின் பாதம் பொறித்த சடாரியை பட்டர் தலையில் வைக்க வரும்போது மட்டும் ஆமை மாதிரி கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்வான். "சாமி, மேலாப்ல காமிங்க, போதும்." பட்டருக்கும் பழகிப்போய், இவன் முறை வந்தால் நாலு விரற்கடை உயரத்திலேயே காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

ரைஸ்மில் முதலாளிக்கு இது ஆகவே ஆகாது. நெற்றி, கை, மார்பு என்று இடம் விடாமல் விபூதி பூசுகிறவர். அவர் இல்லாத இடத்தில் நாங்கள் பட்டை என்போம். "பெருமாள் பாதத்துக்கே தல குடுக்காதவன், இவன்லாம் இன்னாத்துக்குக் கோயிலுக்கு வரான்? நெத்தில ஒண்ணும் கெடையாது, எல்லாம் தலமேலதான் கீது" என்று டீக்கடையில் அவன் காதுபடவே சொல்வார். ஸ்டெப்பு சிரித்துக்கொண்டே சீப்பை எடுப்பான்.

ஒரு வருஷம் ஐப்பசி முடியப் போகிறது, மழை வரவில்லை. பெரிய ஏரி பாளம் பாளமாக வெடித்து, நடுவில் பசங்கள் கிரிக்கெட் ஆடினார்கள். தண்ணீர் இல்லையென்றால் நடவு இல்லை, நடவு இல்லையென்றால் மில்லும் இல்லை, ஆட்டோ சவாரியும் இல்லை. ஒருநாள் காலை டீக்கடையில் எல்லாரும் ஏரிக்கரை அம்மனுக்கு வேண்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் கலங்கலில் வழிந்தால் கிடா வெட்டுவதாகப் பட்டை சொன்னார். கோயிலைச் சுற்றி அங்கப்பிரதட்சணம் செய்வதாக டீ மாஸ்டர் சொன்னார். நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை, ஜெராக்ஸ் மிஷினுக்கு ஈரம் ஆகாது.

"நீ இன்னாடா குடுப்ப, சீப்பா?" என்றார் பட்டை. கடையே சிரித்தது.

ஸ்டெப்பு டீ கிளாஸைக் கீழே வைத்தான். "மொட்ட" என்றான். சிரிப்பு நின்றுபோயிற்று.

அம்மன் அதற்காகவே காத்திருந்தாளோ என்னமோ! கார்த்திகை பிறந்ததும் புயல் வந்து, பெய்தது பாருங்கள் ஒரு மழை, கலங்கல் ஆளுயரத்துக்குப் பொங்கி வழிந்தது. ஊரே வெடி போட்டது. நான் மட்டும் ஐயோ என்றேன். ஏனென்றால் இதற்கு நடுவில் ஸ்டெப்புக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. எத்தனையோ வீட்டில் அவன் முடியைப் பார்த்து, "கூத்துல வேஷம் கட்றவரா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். தாமல் என்கிற ஊரில் மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்யும் ஒரு பெண் மட்டும் போட்டோவைப் பார்த்து, "முடி நல்லா கீது" என்று சொல்லிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்கப் போகவேண்டும்.

அதற்குள் ஊரில் ஒரு வேடிக்கை நடந்தது. பட்டையின் கிடா கோழியாகிவிட்டது. "அம்மனுக்கு இப்பல்லாம் சைவந்தான் புடிக்கிதாம்" என்று பிறகு அந்தக் கோழியும் பூசணிக்காயாகிவிட்டது. டீ மாஸ்டரைக் கேட்டால், "மனசுக்குள்ளயே உருண்டுட்டேன், அம்மனுக்குத் தெரியும்" என்கிறார். ஸ்டெப்பு முழுசாகக் கொடுத்துவிட்டால் இவர்களும் கொடுக்கவேண்டி வருமே! அதனால் அவன் முடிமேல் ஊருக்குத் திடீரென்று பாசம் பொங்கியது.

"டேய், பூமுடி குடுத்தாப் போதும்டா. மூணு கத்திரி, மூணு முடி, ஆச்சி" என்று பட்டையே தோளில் கைபோட்டுக்கொண்டு சொன்னார். "பொண்ணு பாக்கப் போறவன் மொட்டத் தலயோட போவாத."

நானும்தான் சொன்னேன். "கல்யாணம் முடியட்டும்டா. அம்மன் எங்க ஓடிடப் போவுது?"

ஸ்டெப்பு ரொம்ப நேரம் என் கடைக் கதவில் தெரிந்த தன்னைப் பார்த்தான். பிறகு, "அம்மன் இன்னா, மூணு சொட்டு மழயாக்கா குடுத்துச்சி?" என்றான்.

வெள்ளிக்கிழமை ஏரிக்கரையில் உட்கார்ந்தான். இத்தனை வருஷமும் அந்த அடுக்கை வெட்டி வளர்த்த சலூன்காரரே கத்தியோடு நின்றார். தலையை நனைத்துவிட்டு, "எனக்கு மனசு வல்லடா, வேற ஆளப் பாரு" என்று கத்தியைக் கீழே போட்டார். "வைண்ணா, நா கண்ண மூடிக்கிறேன்" என்று இவன்தான் அவருக்குத் தைரியம் சொன்னான். அவனுக்குக் காது இருப்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. நான் சிரிக்கலாம் என்றுதான் போயிருந்தேன். வரவில்லை.

மறுநாள் ஸ்டாண்டு நாய் அவனைப் பார்த்துக் குரைத்தது. சவாரிக்கு வந்தவர்கள் புது ஆள் என்று அடுத்த ஆட்டோவில் ஏறினார்கள். அவன் என் கடையைத் தாண்டிப் போனான், கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை "அக்கா, நீயும் வாயேன்" என்று கூப்பிட்டான். போனேன். பெண் காபி கொண்டுவந்து பார்த்துவிட்டு, "போட்டோல இருந்தவர் வரலியா?" என்று கேட்டது. செத்தோம் என்று நினைத்தேன். ஸ்டெப்பு தலையைத் தடவிக்கொண்டு நடந்ததை எல்லாம் சொன்னான்.

அந்தப் பெண் காபித் தட்டைக் கீழே வைத்தது. "எங்க ஊரு ஏரியுந்தான் ரொம்பிச்சி. இங்க ஒருத்தரும் மொட்ட போடல" என்றது. அப்புறம் மெதுவாக, "முடி வளருமில்ல?" என்று கேட்டது.

"வளரும்."

"அப்ப சரி."

தையில் கல்யாணம் என்று பேசி முடித்தோம். விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் பட்டைக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. கிடா வெட்டினார். டீ மாஸ்டர் ஈர வேட்டியோடு நிஜமாகவே உருண்டார். நாங்கள் கறி சாப்பிட்டோம்.

அடுத்த சனிக்கிழமை பெருமாள் கோயிலில் நானும் இருந்தேன். ஸ்டெப்பு முறை வந்தது. பட்டர் பழக்கதோஷத்தில் சடாரியை நாலு விரற்கடை உயரத்தில் காட்டிவிட்டு நகரப் பார்த்தார். இவன் குனிந்தபடியே நின்றான். "சாமி, இன்னிக்கு நல்லா அழுத்தியே வைங்க."

"நெஜமாத்தான் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு பட்டர் இரண்டு கையாலும் வைத்தார். பின்வரிசையில் நின்ற பட்டை எட்டி எட்டிப் பார்த்தார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது ஸ்டெப்பு என்னிடம், "சில்லுனு கீதுக்கா" என்றான். அதையே வீடுவரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தான்.

ஆனாலும் காலையில் என் கடைக் கதவு காய்ந்தே கிடந்தது. துடைக்க வேலையில்லை, தோள் வலியும் இல்லை, எனக்குப் பிடிக்கவே இல்லை. அந்த வாரம் ஒருநாள் அவன் கடையைத் தாண்டும்போது கால் தானாக நின்றது. கதவில் ஒரு நொடி பார்த்தான். தலையில் நாற்றங்கால் மாதிரிகூட இல்லை, இப்போதுதான் முளை விட்டிருந்தது. உடனே நகரப் பார்த்தான்.

என் டேபிள் டிராயரிலிருந்து சீப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"டேய் ஸ்டெப்பு, இங்க வா. லேசா கலஞ்சி கீது பாரு."