ஒரு நாள் பிந்திய சென்றி அண்ணை

ரொறன்ரோவில் நேரத்துக்கு வந்த ஒரே தமிழர் எங்கள் சென்றி அண்ணைதான். கலியாண அட்டையில் பத்து மணி என்று போட்டிருந்தால் பத்து மணிக்கே போய், மண்டபம் திறக்கிறவரோடு சேர்ந்து கதிரை அடுக்குவார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பிந்தினார். அதுவும் என்னால்.

வோபர்னிலிருந்து பிறம்ரனுக்குப் பெட்டி கட்டும் வேலைக்குப் போகிற எங்கள் வானை ஓட்டியவர் அவர். இளமையில் ஊரில் இயக்கத்தில் இருந்தவர். முகாமில் சமையலும் செய்து, வாசலில் காவலும் நின்றவர். அந்தக் காவலால் ஒட்டியதுதான் 'சென்றி' என்ற பேர். சண்டை முடிந்து, கடல் தாண்டி, கனடாப் பாஸ்போட்டும் எடுத்துவிட்டார். முகாமை விட்டு மட்டும் வெளியே வரவில்லை. பேஸ்மென்ரில் தனி ஆள். ஆனால் பருப்பு வைப்பது ஒரு முகாமுக்கே காணுகிற பெரிய கிடாரத்தில். மிச்சத்தை வாளியில் கொண்டுபோய்த் தெரு முழுக்கக் கொடுப்பார். பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தா, இன்றைக்கு உப்புக் குறைவு என்று சைகையில் சொல்லுமளவுக்கு வந்துவிட்டார்.

வான் புறப்படுமுன் எண்ணிக்கை. ஆளாளுக்கு "ஒண்டு", "ரெண்டு" என்று சொல்லவேண்டும். கடைசியில் அண்ணை "எட்டு" என்று உறுமிவிட்டுத்தான் கியரைப் போடுவார்.

"எட்டுப் பேரும் கண்ணுக்கு முன்னால இருக்கிறம். பிறகென்னத்துக்கு அண்ணை எண்ணுறது?" என்று எங்களோடு வேலைசெய்கிற ஜெயா அக்கா கேட்டா.

"கண் பொய் சொல்லும் பிள்ளை. எண்ணிக்கை சொல்லாது."

சொன்னது சரிதான். ஒருநாள் கொட்டும் பனிக்குள் எண்ணியபோது, ஏழுக்குப் பிறகு அண்ணை வாய் திறக்கமுன் பின்சீற்றிலிருந்து நடுங்கிய குரல் ஒன்று "எயிற்" என்றது. தன் கொம்பனி வான் என்று நினைத்து ஏறிய ஒரு பஞ்சாபிக்காரர்! "ஊடுருவல்!" என்று கத்தின அண்ணை, அடுத்த நிமிடம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பாதிப் புட்டை அவருக்குக் கொடுத்து, அவருடைய கொம்பனி வாசலிலேயே கொண்டுபோய் இறக்கினார். அன்றைக்கும் நாங்கள் நேரத்துக்குத்தான் போனோம்.

இந்த நாட்டில் அண்ணைக்கு இருந்த ஒரே சொந்தம் ஒஷாவாவில் இருக்கும் தங்கச்சி. அவ அண்ணையோடு கதைப்பதில்லை. வருசப்பிறப்புக்கு அண்ணை அவவுக்குப் போன் எடுப்பார். அவருடைய குரலைக் கேட்டதும் அவ வைத்துவிடுவா. "எடுத்தவள்!" என்று அன்று முழுக்கச் சந்தோசமாக வான் ஓட்டுவார்.

காரணத்தை அவரே சொன்னார். முகாம் வாசலுக்கு அம்மா சைக்கிளில் வந்திருக்கிறா. ஒரு தகரப் பேணி நிறையப் பயத்தம் பணியாரம். பின் கரியரில் பத்து வயதுத் தங்கச்சி. காவலுக்கு நின்றது அண்ணை. காவலில் நிற்கிறவன் சொந்தம் கொண்டாடக்கூடாது என்பது சட்டம்.

"'ஆரைப் பாக்க வந்தனீங்கள்?' எண்டு கேட்டன். 'என்ரை மோனை' எண்டா. 'பேர் என்ன?' எண்டன். வீட்டுப் பேரைச் சொன்னா. 'அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை' எண்டன். உண்மைதானே பிள்ளையள், முகாமிலை எனக்கு வேற பேர்."

நாங்கள் சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார்.

"அம்மா பேணியை என்ரை கையிலை தந்து, 'இல்லாத அந்தப் பிள்ளைக்கு இதைக் குடு தம்பி' எண்டிட்டுப் போட்டா. தங்கச்சி திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு போனவள். அதுக்குப் பிறகு அம்மாவை நான் காணேல்லை."



பேணிக்கும் சட்டம் இருந்ததாம். யார் வீட்டுப் பேணி வந்தாலும் எல்லோருக்கும் பங்கு. உரியவருக்குக் கடைசிப் பங்கு. ஆகச் சின்ன ஆள் பேணி கழுவவேண்டும். அம்மாமார் பேணியின் அடியில் மாவைத் தூவி, கடிதத்தைப் பொலித்தீனில் சுற்றி அந்த மாவுக்குக் கீழே ஒளித்து வைப்பார்களாம். ஆனபடியால் எல்லா அம்மாவின் கடிதத்தையும் முதலில் வாசிப்பது பேணி கழுவுகிறவன்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, வோபர்ன் பலசரக்குக் கடைக்காரர் ஓடிவந்து வான் யன்னலுக்குள்ளால் ஒரு பால்மாப் பேணியை நீட்டினார். "ஒஷாவாத் தங்கச்சி குடுத்துவிட்டவ அண்ணை."

அண்ணை பேணியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். எண்ணிக்கை எடுக்கவும் மறந்துபோனார். ஜெயா அக்காதான் "ஒண்டு" என்று தொடங்கினா.

மத்தியானம் திறந்தால் பயத்தம் பணியாரம். சட்டப்படி எல்லோருக்கும் பங்கு. தனக்கு உடைந்த ஒன்று. வெறும் பேணி எனக்கு. வானில் ஆகச் சின்ன ஆள் நான்.

"அடியை வடிவாய்க் கழுவு பிள்ளை," என்றார். பின்னேரம் இறங்கும்போதும் சொன்னார். "அடியை."

எனக்கு விளங்கவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். ஆனால் இது படிப்பால் வந்த குறை இல்லை, சோம்பல். வெள்ளி அலுப்பு, சனி நித்திரை, ஞாயிறு முழுக்கப் போன். திங்கள் விடியத்தான் பேணியைக் குழாய்க்குக் கீழே பிடித்தேன். மாவுக்கு அடியில் பொலித்தீன்.

'அண்ணா, ஞாயிறு மத்தியானம் சமைக்கிறன். ஒரு மணிக்கு வா. பிந்தினா கதவு திறக்கமாட்டன்.'

வானில் ஏறியதும் அழுதுகொண்டே நீட்டினேன். அண்ணை இரண்டு தரம் வாசித்தார்.

"ஒரு மணியோ?"

"ஓம் அண்ணை. நேற்று. நீங்களே அடியைப் பாத்திருக்கலாமே?"

"சட்டம், பிள்ளை."

வேலை முடிந்ததும் அறிவித்தார். "வான் நேரை ஒஷாவா. இறங்கிறவை இறங்கலாம்." ஒருவரும் இறங்கவில்லை.

எட்டுப் பேரும் பனிக்குள் வரிசையாக நின்றோம். கதவு கொஞ்சம்தான் திறந்தது. தங்கச்சி அவரை மேலும் கீழும் பார்த்தா.

"ஆரைப் பாக்க வந்தனீங்கள்?"

"என்ரை தங்கச்சியை."

"பேர் என்ன?"

அண்ணை வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பேரைச் சொன்னார்.

"அப்பிடி ஒருத்தரும்..." என்று தொடங்கினவ. மிச்சம் அவவுக்கு வரவில்லை.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, பேணி கழுவாதது நான்தான்! அண்ணையிலை பிழையில்லை!"

அவ என்னைப் பார்த்தா. வரிசையைப் பார்த்தா. மூக்கைத் துடைத்தா.

"எத்தினை பேர்?"

"ஒண்டு," என்றா ஜெயா அக்கா. கடைசியில் அண்ணை "எட்டு" என்றபோது உறுமல் இல்லை.

"நேற்று வைச்ச சோறு ஒருத்தருக்குத்தான் கிடக்கு. உள்ளுக்கை வாங்கோ, உலை வைக்கிறன்."

"தள்ளு, நான் வைக்கிறன்," என்றார் அண்ணை. "எனக்குக் குறையச் சமைக்கத்தான் தெரியாது."

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் ஒஷாவா. பன்னிரண்டரைக்கே போய், ஒரு மணி வரைக்கும் வெளியே வானுக்குள் இருப்பார். அந்தச் சந்தோசம் இரண்டு வருடம் கிடைத்தது. போன மாசியில் நித்திரையிலேயே போய்விட்டார். என் சொந்த அப்பாவுக்கும் நான் அப்படி அழவில்லை.

இப்போது வானை நான் ஓட்டுகிறேன். எண்ணிக்கை எடுக்காமல் ஒருவரும் போகவிடமாட்டார்கள். கடைசியாக நான் "ஏழு" என்பேன். அதற்குப் பிறகு எல்லோரும், அண்ணையின் 'எட்டு' வரவேண்டிய மாதிரிக் காத்திருப்போம். பிறகுதான் கியரைப் போடுவேன். அதனால் தினமும் ஒரு நிமிடம் பிந்துகிறோம். அண்ணை இருந்தால் நல்லாய் ஏசுவார்.