மிச்சத்தை யார் சாப்பிடுவது?

மதிப்பிற்குரிய சித்திக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்குவது மரியாதை. மரியாதையை முடித்துவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டுச் சுவர்கள் எவ்வளவு மெல்லியவை என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் வீட்டை விட்டுப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். பதற வேண்டாம், கட்டி கிட்டி எதுவும் இல்லை. எடை குறைவதற்காக. இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ அளவில் ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்களாம். பத்தொன்பது வயதுப் பெண்ணை இன்னும் பாப்பா என்றே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது ஆஸ்பத்திரியில்தான் எனக்கு உறைத்தது. நர்ஸ் அவளுடைய உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வேறு யாரையோ என்று அப்பா, அம்மா, நான் மூவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். அவள் மட்டும் எழுந்து போனாள்.

முடிவெடுத்தது அவளேதான். சாப்பாட்டு மேசையில் சொன்னாள், தண்ணீர் கேட்பதுபோல. அப்பா, "யாருக்கு?" என்றார். "எனக்குத்தான்ப்பா." அப்பா முப்பது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவர், உலகத்தில் எதைச் சொன்னாலும் அதை எஞ்சினுக்குள் கொண்டுபோய்ப் பார்ப்பார். "டேங்கைச் சின்னதாக்கினா மைலேஜ் கூடுமாம்மா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம். அம்மா எதுவும் கேட்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு, "அப்போ என் கையில ஏதோ விஷம் இருக்குன்னு சொல்லுங்க," என்றாள். பாப்பா பொறுமையாக விளக்கினாள். சர்க்கரை தொடங்கிவிட்டது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. டாக்டர் சொன்னபடி உணவு, நடை, மாத்திரை எல்லாம் இரண்டு வருடம் பார்த்தாயிற்று. எடை வீட்டை விட்டுப் போகும், வழி மறக்காமல் திரும்பி வரும். எனக்கு அதிர்ச்சி என்னவென்றால், இந்த இரண்டு வருடமும் நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். ஆபரேஷனுக்குப் பிறகு ஆயுள் முழுக்கச் சாப்பாடு மாறிவிடும் என்பதால், முன்கூட்டியே குடும்பத்தையும் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். போனோம். வாசலிலேயே குழப்பம். நர்ஸ் அப்பாவின் வயிற்றைப் பார்த்துவிட்டு அவரை எடை மேடையில் ஏற்றிவிட்டார். அப்பாவும் சாவிக்கொத்து, பெல்ட், கைக்கடிகாரம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனார். முள் கொஞ்சமும் இறங்கவில்லை. "பேஷண்ட் நான்," என்றாள் பாப்பா. நர்ஸ் மன்னிப்புக் கேட்டார். அப்பா, "பரவால்லம்மா, ஆனா கொஞ்சம் சரிபாருங்க, மெஷின் பழசு," என்றார்.

உள்ளே நாற்காலிகளுக்குக் கைப்பிடி இல்லை. பாப்பா நேராகப் போய் உட்கார்ந்தாள். மற்ற இடங்களில் அவள் முதலில் நாற்காலியைப் பார்ப்பாள், பிறகு எங்களைப் பார்ப்பாள், பிறகு "நான் நிக்கிறேன்" என்பாள். அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது. அன்றுதான் தெரிந்தது.

டாக்டர் எல்லாவற்றையும் படம் போட்டுச் சொன்னார். இது அழகுக்கான வேலை இல்லை, மந்திரமும் இல்லை, சத்து மாத்திரையைக் கடைசிவரை விடக்கூடாது, ஒருவேளைக்குச் சின்னக் கிண்ணம் அளவுதான் இறங்கும். பிறகு, "சந்தேகம் இருந்தா கேளுங்க," என்றார். அம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் கையை உயர்த்தினாள்.

"அப்போ மிச்சத்தை யாரு சாப்பிடுறது டாக்டர்?"

"வெட்டி எடுத்ததையாம்மா? அதைப் பரிசோதனைக்கு அனுப்பிடுவோம்."

"ஐயோ, அது இல்ல. பானையில மிச்சம்."

மூலையில் இருந்த ஆலோசகர், என் வயதுதான் இருக்கும், பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தவர், மூடியை வாயிலிருந்து எடுத்தார்.

"வீட்ல எத்தனை பேரும்மா?"

"நாலு."

"எத்தனை பேருக்குச் சமைக்கிறீங்க?"

"எப்பவும் போலத்தான்."

"எப்பவும்னா?"

அப்பா, "எட்டு," என்றார், கண்டக்டரிடம் நிறுத்தம் கேட்பவர்போல மெதுவாக.

"மத்த நாலு பேர் யாரு?"

"கொழுந்தன் வீட்டுக்காரங்க," என்றாள் அம்மா. "தனியாப் போயிருக்காங்க."

"எப்போ வருவாங்க?"

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சித்தி, நீங்கள் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "வருவாங்க," என்றாள்.

ஆலோசகர் ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். அதுவரை நாலு பேருக்கு மட்டும் சமைத்துப் பாருங்கள் என்றார். அதைப் பார்த்துத்தான் தேதி கொடுப்பார்களோ என்று எங்களுக்குப் பயம். வீட்டில் அன்றிலிருந்து நடப்பதை எப்படிச் சொல்வது. அம்மா பழைய பானையில் பாதி அரிசி போட்டாள், அடிப்பிடித்தது. அப்பா சின்னப் பானை வாங்கி வந்தார். அம்மா அதில் இரண்டு தடவை சமைத்தாள். கேட்டால், "ஒரு தடவைக்கு நாலு பேருக்குத்தானடா ஆக்கினேன்," என்றாள். கணக்கு சரி. மிச்சம் வழக்கம்போல பாப்பாவின் தட்டுப் பக்கம் நகர்ந்தது. நான் நடுவில் என் தட்டை வைத்தேன். இப்போது என் சட்டைப் பொத்தான்கள் என்னோடு பேசுவதில்லை. அப்பா டப்பாவில் அடைத்து டிப்போவுக்கு எடுத்துப் போகிறார். கண்டக்டர்கள் இருக்கைகளுக்கு நடுவே பக்கவாட்டில் நடக்கிறார்களாம். அம்மா கிண்ணத்தோடு போனால் எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறக்காமலே நன்றி சொல்கிறார்.

நான் உட்கார்ந்து யோசித்தேன். என் வேலையே அதுதானே, ஆய்வு மாணவன். ஒரு குடும்பம் பிரிந்தால் அந்தப் பிரிவு எங்கே போய்ச் சேர்கிறது என்று புத்தகங்களில் தேடியிருக்கிறேன். அது என் தங்கையின் உடம்பில் இருந்திருக்கிறது. உங்கள் நால்வரின் பங்கையும் எட்டு வயதிலிருந்து அவள் ஒருத்தி சாப்பிட்டு முடித்திருக்கிறாள். நீங்கள் போகவே இல்லை. அவளுக்குள் போயிருக்கிறீர்கள்.

ஆகையால் ஒரு கோரிக்கை. அம்மாவுக்கு நாலு வரி எழுதுங்கள். இனி அந்த வீட்டுக்குத் திரும்பி வரமாட்டோம் என்று முகத்தில் அடித்தமாதிரி எழுதுங்கள். வாஷிங் மெஷினில் யார் துணியை முதலில் போடுவது என்ற பழைய சண்டையைத் தேவைப்பட்டால் மறுபடி இழுங்கள். பொய் சேர்த்தாலும் பாதகமில்லை. அம்மா அழுவாள். அழுதுவிட்டுக் குறைத்து உலை வைப்பாள். எங்க வீட்ல யாருக்கும் அதைச் சொல்ற தைரியம் இல்ல சித்தி, எனக்குந்தான். நீங்க எழுதலன்னா அவ ஆபரேஷன் நின்னுபோயிடும்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். தம்பிகள் இருவரும் நன்றாகப் படிக்கட்டும், அளவாகச் சாப்பிடட்டும். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் பணிவுள்ள
உங்கள் மூத்த மகன்

பின்குறிப்பு: சித்தி, இது நான், பாப்பா. காலேஜ் போற வழியில தபால்ல போடச் சொல்லி அண்ணன் குடுத்தான். உறை ஒட்டியிருந்துச்சு. பிரிச்சுட்டேன்.

அண்ணன் நல்லா எழுதியிருக்கான். ஆனா உங்க பங்கை நான் சாப்பிடல. பானை மிச்சத்தை நான் தொட்டே ஏழெட்டு வருஷம் ஆச்சு. என் தட்டுல போடுவாங்க, நான் மூடி வச்சுட்டு எழுந்துடுவேன், அது யார் கண்ணுலயும் படாது. என்னைவிட ரெண்டு பங்கு சாப்பிடுறது அண்ணன்தான். இத்தனை வருஷமும் அவன் ஒல்லி. அதுக்கு யாரும் காரணம் தேடினதில்ல. டாக்டர் என்கிட்ட தெளிவாச் சொன்னாங்க, இது நோய், பரம்பரைல இருக்கு, ஹார்மோன்ல இருக்கு, யார் தப்பும் இல்லன்னு. இங்க எல்லாருக்கும் ஒரு குற்றவாளி வேணும். அம்மா தன் கையைச் சொல்றா. அப்பா மெஷினைச் சொல்றார். அண்ணன் உங்களைச் சொல்றான்.

நேத்து நான் தனியா ஆஸ்பத்திரிக்குப் போனேன். தேதி குடுத்துட்டாங்க. அவங்க பானையைப் பாக்கல, என்னைத்தான் பாத்தாங்க. அதனால அம்மாவுக்கு அந்த மாதிரி எதுவும் எழுதாதீங்க. அவ பாட்டுக்கு ஆக்கட்டும்.

முதல் ரெண்டு வாரம் கூட இருக்க ஒரு ஆள் பேர் கேட்டாங்க. அந்த ஆள் அழக்கூடாது, இன்னொரு வாய்னு ஊட்டக்கூடாது. உங்களைக் கேக்காமலே உங்க பேரைக் குடுத்துட்டேன். நீங்க சமைச்சா யாரும் ரெண்டாவது கரண்டி கேட்டதா எனக்கு ஞாபகம் இல்ல.

வருவீங்களா? பயமா இருக்கு சித்தி. அதை இந்த வீட்ல யார்கிட்டயும் சொல்ல முடியல. சொன்னா உடனே தட்டோட வருவாங்க.