வெடிகுண்டுக்கு முளைத்த தாடி

நளினி காபி டம்ளரைத் தூக்கினாள். அடியில் இருந்த பலகையும் கூடவே எழும்பியது.

"இன்னாடா இது, உடமாட்டேன்னுது!"

"அக்கா, இழுக்காத! வார்னிஷ் இன்னும் காயல!" என்று ஹேமநாத் அலறினான்.

அவள் இழுத்துவிட்டாள். பலகையில் வரைந்திருந்த தங்கச் சாவி உரிந்து டம்ளரோடு போனது.

டம்ளருக்கு அடியில் வைக்கிற கோஸ்டர்கள் அவை. திருப்பதியில் ஹேமநாத்தின் நண்பன் புருஷோத்தமனின் புது வீட்டுக்கு மறுநாள் கிரகப்பிரவேசம். நண்பர்கள் இருவரும் தினமும் சாயங்காலம் அவரவர் போனில் சேர்ந்து ஆடும் வீடியோ கேமிலிருந்து சாவி, வாள், கோட்டை, வெடிகுண்டு என்று பலகைக்கு ஒரு படம். ஆட்டத்தில் புருஷு வாயே திறக்கமாட்டான். ஆனால் ஹேமநாத் எதிரிகளிடம் மாட்டும்போதெல்லாம் பாய்ந்து வந்து காப்பாற்றிவிடுவான். அப்படிப்பட்டவனுக்குக் கடையில் வாங்கிக் கொடுக்க ஹேமநாத்துக்கு மனம் வரவில்லை.

சாவியை மறுபடி வரைந்து, வார்னிஷ் பூசி, எல்லாவற்றையும் மாடி வெயிலில் வைத்தான். அவர்கள் ஊரான நகரியில் தெருவுக்குத் தெரு பவர்லூம் தறி. பறந்து வந்த பஞ்சு ஈர வார்னிஷில் அப்பிக்கொண்டது.

"வெடிகுண்டுக்குத் தாடி மொளச்சிக்கினு கீதுடா!" நளினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். பஞ்சோடு கோபுரங்களும் போய், கோட்டை இட்லி மாதிரி ஆனது. அவசரமாகக் கறுப்புப் பெயிண்ட் தொட்டுச் சரிசெய்தான். கருகிய இட்லி ஆனது.

"பேசாம ஒரு செவுத்துக் கடிகாரம் வாங்கிக்கினு போயேன்டா."

"அவனுக்குப் பாத்த ஒடனே புரியும்க்கா. டெய்லி ஆடறவன்."

மறுநாள் புருஷோத்தமன் பொட்டலத்தைப் பிரித்தான். "பாகுந்திரா, நல்லாருக்குடா! இட்லி, உருளைக்கெழங்கு, கத்திரிக்கோல்... சமையல்கட்டுல மாட்டறதா?"

"டேய், நம்ம கேம்டா!"

"எந்த கேம்?"

ஒரு வருஷமாகத் தோளோடு தோள் நின்று சண்டை போட்டவன் கேட்கிற கேள்வியா இது?

காபித் தட்டோடு வந்த புருஷுவின் அம்மா வெங்கடலட்சுமி பலகைகளை எட்டிப் பார்த்தாள். தட்டை அப்படியே மகன் கையில் திணித்துவிட்டு, கருகிய இட்லியை ஆசையாக எடுத்துக்கொண்டாள்.

"ஐயே, நம்ம கோட்டை! ஏம்பா ஹேமநாத், இனிமேலாவது கதவத் தொறந்து போட்டுட்டு ஓடாத, இவன் பேர்ல ஆடி உன்ன காப்பாத்தி காப்பாத்தி எனக்கு வெரலே வலிக்குது!"