மேடுபள்ளம் இல்லாத நடை

இனி வாழ்நாளில் எந்தச் சோதினைக்கும் போவதில்லை, எந்த அதிகாரியின் மேசைக்கு முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு இருந்து பதில் சொல்வதில்லை என்று நான் சபதம் எடுத்துப் பதினொரு வருடம். இந்த வருடம் அதை நானே உடைத்தேன். உடைக்கிறேன் என்று தெரியாமலே உடைத்தேன்.

என் பெயர் குலேந்திரன். வயது ஐம்பத்தெட்டு. பேர்ணில் ஓர் உணவகத்தில் சலாட் பகுதி முழுவதும் என் கையில். வீட்டில் என் கையில் இருப்பது தொலைக்காட்சி ரிமோட் மட்டும். அதுவும் என் மனைவி கஜலக்சுமி ஆஸ்பத்திரிச் சமையலறை வேலை முடிந்து வரும்வரைதான்.

சபதத்துக்குக் காரணம் இருக்கிறது. பதினொரு வருடத்துக்கு முன் இருவரும் சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோம். டொச், அதாவது ஜெர்மன் மொழிச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. மிச்சம் எங்கள் ஊர் கெமைன்டையில், அதாவது ஊராட்சிக் கந்தோரில், ஒரு நேர்முகம். "உங்கள் ஊரில் உள்ள பழங்காலச் சின்னம் ஒன்று சொல்லுங்கள்" என்றார்கள். நன்றாக யோசித்து, "மூடிக் கிடக்கிற தபால் கந்தோர்" என்றேன். "ஊர்க் காட்டுக்குப் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். "எதற்கு? சாப்பாடு வீட்டில் இருக்கிறதே" என்றேன். இரண்டு வருடம் கழித்து வரச் சொன்னார்கள். கஜலக்சுமியிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என்னோடு சேர்ந்து அவளும் தோற்றாள். வெட்கத்தில் அன்றைக்கே சபதம் எடுத்துவிட்டேன்.

எங்கள் மகள் தர்மிகா பள்ளிக்கூடக் காலத்திலேயே சுவிஸ் ஆகிவிட்டாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவளுக்கு வாக்குச்சீட்டு தபாலில் வரும். அவள் ஆம், இல்லை என்று எழுதி வைப்பாள். கஜலக்சுமி உறையை ஒட்டிக் கொண்டுபோய்ப் பெட்டியில் போடுவாள். போன பெப்ரவரியில் ஒட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"இஞ்சாருங்கோ, இருபத்தொன்பது வருசமாய் இந்த நாட்டில இருந்தும் நான் உறைதான் ஒட்டுறன்."

"வடிவாய் ஒட்டுறீர்."

"எனக்கு உள்ளுக்க இருக்கிற சீட்டில எழுதவும் விருப்பம். கெமைன்டையில சனிக்கிழமை வகுப்பு வைக்கினமாம். ஊர் வரலாறு, சட்டம் எல்லாம். எட்டே எட்டுச் சனி. ரெண்டு பேரும் போவம்."

"நீர் தனியப் போய் எடுமன்."

"தனிய எடுத்து? பிளேன்ல இறங்கினாப் பிறகு பாஸ்போட் பாக்கிற இடத்தில நான் ஒரு வரிசையில, நீங்கள் இன்னொரு வரிசையிலயோ? எடுத்தா ரெண்டு பேரும். இல்லாட்டி நான் உறையே ஒட்டிக்கொண்டிருக்கிறன்."

சொல்லிவிட்டு உறையை நாக்கில் நனைத்தாள். எனக்கு மனம் கொஞ்சம் இளகத்தான் செய்தது. ஆனால் எட்டுச் சனிக்கிழமை! உடனே என் மூளை வேலை செய்தது.

"வகுப்புக்கு ஏலாதப்பா. எனக்குச் சுகர். டொக்டர் நடக்கச் சொல்லிப்போட்டார்."

"எப்ப சொன்னவர்?"

அவர் சொல்லி எட்டு மாதம். அதை அவளிடமிருந்து ஒளித்து வைத்திருந்தேன். "இப்பதான்" என்றேன். "ஒவ்வொரு ஞாயிறும் நடக்கவேணும்."

"வகுப்பு சனியெல்லோ?"

"ஞாயிறு நடக்கிறதெண்டா சனி ஓய்வெடுக்க வேண்டாமோ?"

பத்து நிமிடம் சண்டை வரும் என்று தயாராக இருந்தேன். வரவில்லை. "சரி, நடப்பம்" என்றாள். அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

"ஆனா என்ர முழங்கால் ஏற்றத்துக்குச் சரிவராது" என்று அடுத்த துருப்புச்சீட்டைப் போட்டேன். சுவிசில் சமதரை தேடுவது சலாட்டில் இறைச்சி தேடுவது மாதிரி. அவள் தேடி அலைந்து களைத்துப் போவாள் என்பது என் கணக்கு.

"எங்கட ஊருக்குப் பின்னால பற்றைவெளி கிடக்கு. அதைத் தாண்டினாக் காடு. ஒரு மேடு இல்லை, பள்ளம் இல்லை. மற்றப் பக்கத்தால வெளியில வர ஒண்டேகால் மணித்தியாலம், அங்க இருந்து வீட்டுக்கு பஸ்."

மார்ச் முதல் ஞாயிறு புறப்பட்டோம். இரண்டு கிழமையில் அலுத்துவிடும், பிறகு வகுப்பும் இல்லை, நடையும் இல்லை, நானும் சோபாவும்தான் என்று நினைத்துக்கொண்டேன். வெளி முழுவதும் முழங்கால் உயரப் பற்றைச் செடி. அப்பால் பைன் மரங்கள். எதிரே வந்த எல்லோருக்கும் வணக்கம் சொல்லிச் சொல்லியே வாய் வலித்தது. காட்டுக்குள் போனதும் புல் மூடிய மண்குவியல் ஒன்றும் பக்கத்தில் தகவல் பலகை ஒன்றும் இருந்தன.

கஜலக்சுமி கைப்பையைத் துழாவினாள். "ஐயோ, கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன். என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சுச் சொல்லுங்கோவன். உங்களுக்கெல்லோ டொச் நல்லா வரும்."

உண்மைதான். வெளியில் எங்கே போனாலும் கதைப்பது நான். அவள் பக்கத்தில் பேசாமல் நிற்பாள். அதனால் அவளுக்கு டொச் மட்டுமட்டு என்பது என் முடிவு. நம் வீட்டில் கடைசியாக யார் என்னிடம் விளக்கம் கேட்டார்கள்? தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்.

"இது இரும்புக் காலத்துச் சமாதி. பெரிய ஆளாய் இருந்திருக்கவேணும். சின்ன ஆளுக்கு ஆர் இவ்வளவு மண் அள்ளிக் கொட்டுறது?"

"அட!" என்றாள். அந்த 'அட'வுக்காக நான் இன்னும் பத்துப் பலகை வாசித்திருப்பேன். இருந்தது ஆறு. கோட்டை அகழி, எல்லைக்கல், கரி சுட்ட குழி என்று போய், முழங்கால் உயரச் சுவர்கள் நின்ற ஓர் இடத்துக்கு வந்தோம். உரோமர் குளித்த இடம். நிலத்துக்குக் கீழே கரி படிந்த குட்டைத் தூண்கள் தெரிந்தன. அதைப் பற்றிப் பலகையில் இருந்த நீளமான சொல் எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லலாமோ?

"இது அவையளின்ர குசினி. சமைக்கிற இடம்."

"குளிக்கிற இடத்துக்குக் கீழ ஏனப்பா குசினி?"

"குளிச்சாப் பசிக்கும்தானே."

தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். காட்டை விட்டு வெளியே வந்ததும் வீதிக்கு அந்தப் பக்கம் பஸ் தரிப்பிடம் தெரிந்தது. "ஓடுங்கோ! பதினாறு நாப்பத்தெட்டுக்கு பஸ், அதை விட்டா ஒரு மணித்தியாலம் நிக்கவேணும்!" என்றாள். ஓடினேன். தரிப்பிடத்து அட்டவணையில் அப்படித்தான் போட்டிருந்தது. நான் அதை மூக்கு முட்டப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

அடுத்த ஞாயிறும் கண்ணாடி வரவில்லை.

"போன கிழமை சொன்னதெல்லாம் மறந்துபோச்சு. ஒருக்கா திருப்பிச் சொல்லுங்கோ."

சொன்னேன். அடுத்த கிழமையும் மறந்தாள். போதாததற்குக் கேள்வி வேறு. "அந்த உரோமர் ஏன் இஞ்ச வந்தவை? பிறகு ஏன் போனவை? இந்தக் காடு ஆரின்ர? கெமைன்டையின்ரயோ, மாநிலத்தின்ரயோ?" பதில் தெரியாமல் நின்றால் மரியாதை என்ன ஆவது? வேலை முடிந்து வரும் வழியில் நூலகத்துக்குப் போனேன். இரண்டு புத்தகம் எடுத்தேன். கஜலக்சுமிக்குத் தெரியாமல் குளியலறையில் இருந்து படித்தேன்.

மே மாதம் வெளியெல்லாம் மஞ்சள் பூ பூத்தபோது, நாயோடு வந்த ஒரு கிழவி அகழியை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். நானாகவே போய் இருபது நிமிடம் விளக்கினேன். நாய் படுத்துவிட்டது. கிழவி கைகொடுத்துவிட்டுப் போனார். எனக்கு இரண்டு அங்குலம் வளர்ந்த மாதிரி இருந்தது. சுகரும் குறைந்திருந்தது.

ஓகஸ்டில் பற்றைவெளி ஊதா நிறமாயிற்று. அதே கிழமை கடிதம் வந்தது. எங்கள் இருவருக்கும் கெமைன்டையில் நேர்முகம், செப்டெம்பர் ஒன்பதாம் திகதி, பின்னேரம் மூன்று மணி.

"ஆர் விண்ணப்பம் போட்டது?" என்று கத்தினேன்.

"நீங்கள்தான். கையெழுத்து உங்கட கையெழுத்து."

மருத்துவக் காப்புறுதி, வரி, வாடகை என்று அவள் நீட்டும் எல்லாத் தாளிலும் வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் நான். பெப்ரவரியில் ஒரு கட்டு நீட்டினாள். கிரிக்கெட் பார்த்துக்கொண்டே போட்டேன்.

"நான் வரமாட்டன். எனக்கு இந்த ஊரைப் பற்றி ஒண்டும் தெரியாது."

"தெரியாதோ? அந்த அகழியை ஆர் வெட்டினதெண்டும் தெரியாதோ?"

"அதை எப்பிடியப்பா தெரியாமல் இருக்கும்? உரோமர் வாறதுக்கு முன்னமே இஞ்ச இருந்த கெல்ற் சனங்கள்..." என்று தொடங்கி, காட்டின் உரிமையாளர் வரை சொல்லி முடித்த பிறகுதான் வாயை மூடினேன். கஜலக்சுமி என் நீலச் சேர்ட்டை எடுத்து ஸ்திரிக்கை போடத் தொடங்கியிருந்தாள்.

நேர்முகத்தன்று மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். "உங்கள் ஊரில் உள்ள பழங்காலச் சின்னம் ஒன்று?" அதே கேள்வி. நான் ஆறு சொன்னேன். அவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உரோமரின் குசினியையும் விடவில்லை.

பிறகு கஜலக்சுமியைப் பார்த்தார்கள். அவள் முதுகை நிமிர்த்தி, தண்ணீர் ஓடுகிற மாதிரி டொச்சில் சொன்னாள்: "என் கணவர் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். அது குசினி அல்ல. நிலத்தைக் கீழிருந்து சூடாக்க அடியில் வெப்பக் காற்று விட்டார்கள். பலகையில் எழுதியிருக்கிறது. மற்றதெல்லாம் நன்றாகச் சொன்னார்."

இருவரும் சிரித்தார்கள். நான் இருந்த கதிரை சூடானது.

மூன்று கிழமையில் கெமைன்டையின் சம்மதக் கடிதம் வந்தது. இனி மாநிலமும் நாடும் ஓம் சொன்னால் அடுத்த உறையில் கஜலக்சுமியின் பெயர் இருக்கும். கடிதத்தை நாலு தரம் வாசித்தாள், கண் கலங்கினாள். உண்மையைச் சொன்னால் நானும் கலங்கினேன். ஞாயிறு வந்தது. யாரும் சொல்லாமலே சப்பாத்தைப் போட்டேன். உரோமர் சுவரில் உட்கார்ந்து தோடம்பழம் உரித்தபோதுதான் மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"எல்லாம் சரியப்பா. இவ்வளவு டொச் தெரிஞ்ச நீர், ஒரு ஞாயிறாவது அந்தக் கண்ணாடியை மறக்காமல் கொண்டு வந்திருந்தா என்ர தொண்டை தப்பியிருக்குமே?"

கஜலக்சுமி ஒரு சுளையை என் கையில் வைத்துவிட்டு, என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"கலியாணம் முடிச்சு இருபத்தெட்டு வருசம், நான் எப்பயப்பா கண்ணாடி போட்டனான்?"