பூம்பாறைச் சோலையில் ஒரு பாராட்டு விழா

"இன்னும் கொஞ்சம் எறக்கிக் கட்டுலே, தண்டச்சோறு! சத்தம் நேரா குழிக்குள்ள விழணும்!"

கீழிருந்து வடிவு கத்தினாள். நான் மரக்கிளையில் தொங்கியபடி ஒலிபெருக்கிக் குழாயின் வாயைக் குழியை நோக்கித் திருப்பினேன். அவளுடைய ஆறு கைகளில் இரண்டு ஏணியைப் பிடித்திருந்தன. இரண்டு ஒயரை இழுத்தன. ஒன்று காலில் ஒட்டிய அட்டையைப் பிய்த்தது. மீதி ஒன்று 'வெரசா, வெரசா' என்று என்னை விரட்டியது. தலைவரின் கார் பூம்பாறையைத் தாண்டிவிட்டதாம்.

தலைவர் என்றால் திருமலைச்சாமி. பழனி மலை எழுந்த நாள் முதல் இதில் ஏறி இறங்கிய மனிதர்களில் அவரைப் போல் ஒருவர் இல்லை. 'கோடை விழாக் குழு'வின் நிரந்தரத் தலைவர். சுற்றுலாவுக்காகவே மூச்சு விடுபவர். அவரைப் புகழ்வது குழுச் செயலாளரான என் கடமை. சம்பளமே அதற்குத்தான்.

வடிவு இருட்குடியைச் சேர்ந்தவள். வடிவு என்பது ஊரார் வைத்த பெயர். சொந்தப் பெயரைச் சொன்னால் கேட்பவர் காதில் ரத்தம் வரும். பூம்பாறைக்கு மேலே சோலைக்காட்டில், சூரியன் எரியத் தொடங்கும் முன்பிருந்தே வாழ்கிற குடி. உடம்பெல்லாம் பாசி, கழுத்தில் செவுள், நெற்றியில் கூடுதலாக ஒரு கண். மற்றபடி நம்மைப் போலத்தான். ரேஷனில் சர்க்கரை வாங்குவார்கள்.

அவர்களுடைய சாமி குழிக்குள் தூங்குகிறது. அதன் பெயர் உதவாக்கரை. நாத்திகம் இல்லை, அதுதான் பூசை. தினமும் பொழுது சாயும்போது குடியே குழியைச் சுற்றி நின்று வாயாரத் திட்டும். "ஒண்ணுக்கும் ஆகாதவனே! தூங்குமூஞ்சி! கெடலே அங்கயே!" சாமி கொட்டாவி விட்டுத் திரும்பிப் படுக்கும். கீழே பூண்டு வயல்கள் லேசாகக் குலுங்கும். ஊரில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

பிரியமானவர்களையும் அவர்கள் திட்டத்தான் செய்வார்கள். குழந்தை சிரித்தால் 'மூதேவி'. கல்யாண மாப்பிள்ளைக்கு 'கழுதை'. ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. குழுக்கூட்டத்தில் அதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

2005 கோடையில், தலைவரின் தொலைநோக்கால், இதே குழியருகே 'தொல்குடிப் பெருமை விழா' நடந்தது. ஷாமியானா, டிஜிட்டல் பேனர், பொன்னாடை. வடிவு வாசலிலேயே வழிமறித்தாள்.

"ஐயா, இந்த எடத்துல நல்ல வார்த்தை பேசப்படாது. பேசியே ஆகணும்னா, ஆளுக்கொரு வசவு வஞ்சுட்டுப் போங்க."

"விழாவுல வையிறதா?" தலைவர் அதிர்ந்தார். "அதுக்குத்தாம்மா வருஷா வருஷம் பொதுக்குழு வைக்கிறோம்!"

"சரி, வந்து ஒக்காருடா, உருப்படாதவனே" என்றாள் வடிவு, மிகுந்த மரியாதையோடு.

தலைவர் முகம் கறுத்தது. விழா தொடங்கியது.

பொருளாளர், "ரோஜா மாலை பிரமாதம்" என்றார். மாலை காணோம், அவர் கையில் நார் மட்டும் இருந்தது. யாரோ, "காபி அருமை" என்றார்கள். பிளாஸ்க் காணோம். மூடுபனியில் இதெல்லாம் சகஜம் என்று தலைவர் விளக்கினார். பிறகு மதுரையிலிருந்து வந்திருந்த சிறப்பு விருந்தினரை நான் வரவேற்றேன். "மலையே! மலைக்கெல்லாம் மலையே!" என்றேன். பனிக்குள்ளிருந்து ஈரமாக, நீளமாக, ஏதோ மேடைக்கு வந்து போனது. நாற்காலிக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு மிச்சம். விழா திட்டமிட்டபடி தொடர்ந்தது.

இருட்குடியே ஓடிவந்து, தொண்டை கிழியத் திட்டி, சாமியைத் திரும்பப் படுக்க வைத்தது. வடிவு என்னைத் தனியே இழுத்துப்போய் என் காதில் ஒரு விஷயம் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "நீயும் சூதானமா இரு, தண்டச்சோறு" என்றாள். இத்தனை வருட உத்தியோகத்தில் என்னிடம் யாரும் அவ்வளவு அன்பாகப் பேசியதில்லை.

சிறப்பு விருந்தினர் 'அவசர சோலியாகக் கிளம்பிவிட்டார்' என்று குழு தீர்மானம் போட்டது.

அடுத்து தலைவர் மாபெரும் திட்டம் ஒன்றை அறிவித்தார். சோலையை வெட்டி, குழியைக் கான்கிரீட்டால் மூடி, மேலே ரிசார்ட். இருட்குடிக்கு வத்தலக்குண்டு வெயிலில் தகரக் கொட்டகை, இலவசமாக!

"அங்க எங்க பாசி ஒரு வாரந் தாங்காதுங்க" என்று வடிவு மன்றாடினாள். "செவுள் வெடிச்சுச் செத்துருவோம். பெறகு உதவாக்கரைய யாரு வையிறது?"

"வளர்ச்சின்னா நாலு பேருக்குக் கஷ்டம் இருக்கத்தான் செய்யும். அந்த நாலு பேரு நீங்க" என்றார் தலைவர்.

அப்படியும் அந்த நல்ல ஜனங்கள் அவரைக் கைவிடவில்லை. தினமும் கொடைக்கானலுக்கு பஸ் ஏறிப்போய், அவர் வீட்டு வாசலில் நின்று, அவர் நன்மைக்காக மனமுருகத் திட்டினார்கள். "வெளங்காதவனே! வீணாப்போனவனே!" தலைவர் போலீசில் புகார் கொடுத்தார். இருட்குடியினர் இனி அவரைப் பற்றி நல்ல வார்த்தை தவிர வேறெதுவும் பேசக் கூடாது என்று ஏற்பாடாயிற்று. வடிவின் ஆறு கைகளிலும் ரேகை உருட்டி வாங்கினார்கள்.

இன்று ரிசார்ட்டுக்கு அடிக்கல். நேற்றே தலைவர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"போன தடவ என்னையப் பத்திப் பேசுறதுக்குள்ள கூட்டம் கலைஞ்சு போச்சு. இந்தத் தடவ மொதல்லயே பேசிருய்யா. கஞ்சத்தனம் பண்ணாத."

"பண்ண மாட்டேங்க" என்றேன்.

கார் வந்து நின்றது. தலைவர் இறங்கினார். பனியும் இறங்கியது. வடிவு ஆறு கைகளையும் குவித்தாள்.

"வாங்க, மகராசா! தங்கமே! ஒங்கள மாதிரி உண்டுமா?"

அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை. தலைவர் பூரித்துப்போனார். "பாத்தியா? ஒரு புகாருல எம்புட்டு நாகரிகம் வந்துருச்சு!"

அன்று வடிவு என் காதில் சொன்னது இதுதான்: "அது வஞ்சதத் தொடாதுலே, எச்சின்னு ஒதுக்கிரும். புகழ்ந்ததத்தான் திங்கும்."

இதை நான் தலைவரிடம் மறைக்கவில்லை. மறுநாளே சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். "புகழ்ந்தா திங்குமா? அப்படின்னா நான் எப்பவோ போய்ச் சேந்துருக்கணுமேய்யா!"

குழிக்குள் யாரோ புரண்டு படுத்தார்கள். வடிவு என் விலாவில் இடித்தாள். "தண்டச்சோறு, மைக்கப் போடுலே."

மைக்கைப் பிடித்தேன். தலைவர் கண்களை மூடி, காதுகளைத் தீட்டிக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்தார்.

"பழனி மலை எழுந்த நாள் முதல்," என்று நிறுத்தி நிதானமாகத் தொடங்கினேன், "இதில் ஏறி இறங்கிய மனிதர்களில் எங்கள் தலைவரைப் போல் ஒருவர் இல்லை..."